ஒரு கிழங்கு, பதினொரு பேர்

இந்த வீட்டில் தீபாவளிப் பகல் சாப்பாட்டுக்கு
ஆட்டிறைச்சி இல்லையென்றாலும் பொறுத்துக்கொள்வார்கள்.
பீட்ரூட் பிரட்டல் இல்லையென்றால்
கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு
கை நனைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

கல்யாணமாகி வந்த முதல் வருசம் கேட்டேன்,
யாருக்கு இது பிடிக்கும்?
யாருக்கும் பிடிக்காது என்றார்கள்
ஒரே குரலில்,
கொஞ்சம் பெருமையாகக்கூட.

நான் பதுளைப் பக்கம்.
எங்கள் லயத்தில் நல்லநாளென்றால் கோழி,
கோழிக்கு வக்கில்லாவிட்டால் முட்டை.
கிழங்கைத் தின்று பண்டிகை கொண்டாடிய சனத்தை
கந்தப்பளைக்கு வந்துதான் பார்த்தேன்.

வெங்காயம் உரித்தபடி தவமணி அண்ணிதான் சொன்னார்.
மாமா அந்த வருசம் கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து
பீட்ரூட் போட்டாராம். நன்றாக வந்ததாம்.
எல்லாருக்கும் நன்றாக வந்ததாம், அதுதான் வினை.
தம்புள்ளைக்குப் போன லொறி
ஒரு மூட்டையும் இறக்காமல் திரும்பி வந்தது.
இருபத்திமூன்று மூட்டை.
இஸ்தோப்பில் அடுக்கினால் ஆள் நுழைய வழியில்லை.
தீபாவளி அட்வான்ஸோ
உரக்கடைக்காரர் கொப்பியில் எப்போதோ கழிந்துவிட்டது.

அன்றைக்குச் சோறு, பருப்பு, பீட்ரூட்.
அரைமூடித் தேங்காய், பக்கத்துக் காம்பராவில் இரவல் வாங்கிய மாசி,
பச்சைமிளகாய் எட்டு.
இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று
வேறெதுவும் கேட்க முடியாத பிள்ளைகள்
அதையே கேட்டார்களாம்.

மறுநாள் விடியற்காலை, மழை.
கக்கூஸிலிருந்து ஏழு வயது யோகராஜ்
காற்சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தான்.
"ரத்தம்! ப்பா, நான் சாகப்போறேன்!"

மாமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு
செருப்பில்லாமல் ரெண்டு மைல்
தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார்.
டாக்டரையா கேட்டது ஒரே கேள்வி,
"நேத்து என்ன சாப்பாடு?"

லொறி திரும்பிய அன்று அழாத மனுசன்
அங்கே வாங்கில் உட்கார்ந்து
சிரித்தாராம். சிரித்தாராம்.
எந்த இடத்தில் அது வேறாக மாறியதென்று
யோகராஜுக்குத் தெரியாது.
தோளில்தான் கிடந்தான்.
தோள் குலுங்கியது, அவ்வளவுதான் தெரியும் என்பான்.

இந்த வருசம் கிலோ அறுநூற்றி எண்பது.
சந்தையிலிருந்து வெறுங்கையோடு வந்த மாமா
குடையை உதறினார்.
"என்கிட்ட ஆறு ரூபாய்க்குக் கேட்க ஆளில்ல.
அறுநூறு குடுத்து நான் வாங்குறதா?
விடுங்க. சனியன் தொலையட்டும்."

ஒருத்தரும் பேசவில்லை.
பிடிக்காத கறி ஒன்று குறைவதற்கு
இவ்வளவு அமைதியா?

பட்டாசு வாங்கப் போகிறேனென்று
பொய் சொல்லிவிட்டு நான்தான் இறங்கினேன்,
சறுக்குகிற படியில், மூடிக்கிடந்த பனியில்.
ஒரே ஒரு கிழங்கு. தராசில் நாநூறைத் தாண்டியது.
கடைக்காரப் பையன் பையில் போடாமலே தந்தான்,
ஒன்றுக்கு எதற்குப் பை அக்கா என்று.

தீக்குச்சியைவிட மெல்லிசாய் அரிந்தேன்.
பதினொரு பேருக்குப் பங்கு வைக்கும்போது
விரலெல்லாம் கொலைகாரியின் விரல்.
புதுச் சேலையில் ஒரு சொட்டு விழுந்தது.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
எனக்கு இன்னும் பிடிக்கவில்லை,
மண்ணை வேகவைத்து இனிப்புப் போட்ட மாதிரி.

மாமா ஒன்றும் கேட்கவில்லை.
சோற்றின் நடுவில் அந்தச் சிவப்பைக் கண்டதும்
என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு
கோப்பையை விரலால் வழித்து
விரலையும் நக்கினார்.

அடுத்த நாள் காலை
பல்கூட விளக்காத என் டிலுக்‌ஷி, வயது நாலரை,
கக்கூஸ் கதவைத் திறந்துபோட்டுக் கத்துகிறாள்:
"எல்லாரும் வாங்க! எனக்கும் வந்திருச்சு!
லேசாத்தான், ஆனா வந்திருச்சு!"

கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த யோகராஜ்,
முப்பத்திநாலு வயது, தொந்தி வேறு,
தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டு
முதல் ஆளாய் ஓடினான்.